இணைச்சீருக்கு இத்தனை மைல்

என் வேலை குறை கண்டுபிடிப்பது. திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தைத்து வரும் டீ-சர்ட்டை மேஜையில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, கழுத்துப் பட்டி கோணியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பாஸ் செய்வோம். அதே கம்பெனியின் மாடியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் பிரபாகர். வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் வாங்கி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறும்வரை அவர்களுக்கு மெயில் எழுதிக்கொண்டே இருப்பது அவர் வேலை. அவரையும் நன்றாக விரித்து உதறிப் பார்த்த பிறகுதான் கல்யாணம் கட்டிக்கொண்டேன். அப்படியும் ஒரு குறை என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. இலவசம் என்று எங்கே எழுதியிருந்தாலும் இந்த மனுசனுக்குக் கால் தரையில் நிற்காது.

அவருக்கு மைல் பைத்தியம் பிடித்தது 2007-ல். சரக்கு வாங்கும் பையரைப் பார்த்து வரக் கம்பெனி அவரை ஒரு தடவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர் ஏறிப் போன விமானக் கம்பெனி ஒரு அட்டையும் கொடுத்து அனுப்பியது. பறக்கப் பறக்க அதில் மைல் ஏறுமாம். போதுமான மைல் சேர்ந்தால் ஒரு டிக்கெட் சும்மா தருவார்களாம். அதோடு விட்டிருக்கலாம். பறக்காமலும் மைல் சேர்க்கலாம் என்று பிறகு ஒரு மெயில் அனுப்பித் தொலைத்தார்கள். அவர்களுடைய இணையதளம் வழியாகப் போய் எந்தக் கடையில் பொருள் வாங்கினாலும் மைல். ஏதாவது ஒரு சந்தாவில் ஒரு மாதம் இலவசமாகச் சேர்ந்து பார்த்தாலும் மைல். பிடிக்கவில்லை என்றால் மாதம் முடிவதற்குள் விலகிக்கொள்ளலாம், மைல் மட்டும் நம்மோடு தங்கிவிடும்.

அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் உள்ளே ஓடி வந்தார்.

“அம்மிணி, உன்னைய உன்ற தம்பிகிட்ட அனுப்பறதுக்கு வழி கெடைச்சிருச்சு” என்றார்.

என் தம்பி சிவராஜ் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு அவனுக்குச் சோறு போட்டு, தலை துவட்டி, கணக்கில் பெயிலானபோது முதுகில் நாலு வைத்து, எல்லாம் நான்தான். போனவன் போனவன்தான். விசாவில் ஏதோ சிக்கல், ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியுமோ என்னவோ என்று வராமலே இருந்தான். போனில் குரலைக் கேட்டால் எனக்கு அரைநாள் வேலை ஓடாது. டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன், வா அக்கா என்று அவனே கூப்பிட்டிருக்கிறான். இவர்தான் விடவில்லை.

“அவன் காசுல நீ போறதா இருந்தா நான் எதுக்கு இங்க பேண்ட் போட்டுட்டுத் திரியறேன்?” என்பார்.

பேண்ட் போட்டவர் கண்டுபிடித்த வழியில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சந்தாக்களுக்கெல்லாம் அமெரிக்க முகவரி வேண்டும். அதற்கென்ன, மைத்துனன் எதற்கு இருக்கிறான்? மைல் இவர் கணக்கில், பார்சல் எல்லாம் சிவராஜ் வீட்டில் என்று ஏற்பாடானது. ஆர்டருக்குத் தேதி போடுவது போலவே ஒவ்வொரு சந்தாவுக்கும் சேரும் தேதி, விலகும் தேதி என்று போட்டு வைத்தார். என் தம்பிக்கு முதலில் காப்பித்தூள் வந்தது. பிறகு வயதானவர்கள் சாப்பிடும் வைட்டமின் மாத்திரை. பிறகு மீன் பிடிப்பவர்களுக்கான மாதப் பத்திரிகை. அவன் எங்கள் சொந்த ஊர் சேவூரில் வாய்க்காலில்கூட மீன் பிடித்ததில்லை. அவனும் “சரிங்க மாமா, சரிங்க மாமா” என்று எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைத்தான்.

ஒரு நாள் பூனைத் தீனி வந்தது. ஒரு மூட்டை.

“ஏனுங்க, அவனூட்ல பூனையே இல்லீங்களே” என்றேன்.

“பூனைக்கு யாரு போனா? அதுலதான் மைல் ஜாஸ்தி” என்றார்.

மூட்டையைத் தூக்கி எறிய மனசில்லாமல், பூனை வளர்ப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று சிவராஜ் ஆபீசில் விசாரித்திருக்கிறான். ஆஷா என்று ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறாள். பாளையங்கோட்டைக்காரி, கிறிஸ்தவக் குடும்பம், அவன் கம்பெனியிலேயே வேலை. மூட்டையைக் கொடுக்கப் போனவன் காப்பி குடித்துவிட்டு வந்தான். அந்தக் காப்பித்தூளும் இவர் அனுப்பியதில் அவன் கையோடு எடுத்துப் போனதுதான் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருஷம் ஆடி முடிந்த கையோடு, “அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்று போனில் இழுத்தான். அந்த இழுப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சொந்தத்தில் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அவன் பெயிலானபோது முதுகில் வைத்தது நான், அதனால் அவன் கல்யாணத்தில் பேசுகிற உரிமையும் எனக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆஷாவே ஒரு நாள் என்னிடம் பேசினாள். “யக்கா, நான் ஆஷா பேசுதேன். உங்களுக்கு என்னையப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு பயந்துட்டே இருந்தேன்” என்றாள். அந்த ‘யக்கா’வில் நான் விழுந்தேன். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணம் அமெரிக்காவிலேயே, வைகாசியில் என்று முடிவானது. இருவருமே அங்கிருந்து அசைய முடியாத நிலை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவனுடைய அக்காவுக்கோ தங்கச்சிக்கோ இணைச்சீர் என்று ஒரு சீர் செய்வார்கள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை கூடப்பிறந்தவளிடம். இனிமேல் புதிதாக ஒருத்தி வருகிறாள், அதற்காக இவளை விட்டுவிடாதே என்று சபையறியச் சொல்வது அது. அம்மா அப்பா இல்லாத பையனுக்கு மற்றச் சீரெல்லாம் யார் வேண்டுமானாலும் நின்று செய்யலாம். இதை நான்தான் செய்ய வேண்டும். நான் போகாவிட்டால் அவன் அந்தச் சேலை முனையை யார் கையில் கொடுப்பான்?

அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அது விளையாட்டாக இல்லை.

நானும் என் பங்குக்குப் பாஸ்போர்ட் எடுத்தேன். சென்னைக்குப் போய் விசாவுக்கு வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் எதற்காகப் போகிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டார். நான் இணைச்சீர் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். சேலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முந்தானையை எடுத்துக் காட்டினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போதும் போதும் என்று விசா கொடுத்துவிட்டார். ஊருக்கு வந்ததும் செக்கிங் டேபிளில் ஒரு பெண் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். குளிருமாம் என்று ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். திருப்பூர் வெயிலில் அதை ஒரு முறை போட்டும் பார்த்தேன்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் கவிழ்த்தார்.

மார்ச் கடைசிக்குள் பத்துச் சந்தாவில் சேர்ந்து காட்டினால் சேர்த்த மைலுக்கு மேல் பெரிதாக ஒரு போனஸ் என்று விமானக் கம்பெனி அறிவித்திருந்தது. ஒன்பது முடித்துவிட்டார். பத்தாவதற்கு நல்லதாக ஒன்று வரட்டும் என்று காத்திருந்தார். தேதி நெருங்குகிறதே என்று நான் கேட்டபோதெல்லாம், “ஆகுமுங்க அம்மிணி, எக்ஸ்டென்ஷன் வாங்கிக்கலாம்” என்றார்.

திருப்பூரில் எந்தச் சரக்கும் முதலில் சொன்ன தேதிக்குக் கப்பல் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. தேதி வரும், உடனே மெர்ச்சண்டைசர் பணிவாக ஒரு மெயில் போடுவார், பையர் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஒரு வாரம் கொடுப்பார். இவர் பத்து வருஷமாக அப்படியே பிழைத்தவர். உலகத்தில் இருக்கிற எல்லாத் தேதியும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். கடைசி நாளன்று விமானக் கம்பெனிக்கு மெயில் போட்டார், தாமதத்துக்கு வருந்துகிறோம், ஒரு வாரம் நீட்டித்துத் தந்தால் உதவியாக இருக்கும் என்று. காரணம் வேண்டுமே? பழைய மெயில் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்: மின்வெட்டு, பண்டிகை விடுமுறை, சாயப்பட்டறையில் தாமதம்.

“சாயப்பட்டறைக்கும் பிளேனுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்டேன்.

“அவசரத்துல பாக்கல” என்றார்.

மெயிலுக்கு நன்றி, சலுகை முடிந்துவிட்டது என்று மிஷின் அனுப்பும் பதில் ஒன்று வந்தது. போனஸ் போச்சு. நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை. தட்டு மட்டும் பேசியது. வைக்கிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பாவி மனுசன், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கொஞ்சந்தான் கொறையுது. எதாச்சும் வாங்கிச் சேர்த்தீட்டாத் தீந்துது. ஒரு கடையில இப்ப மைல் நெறையாத் தர்றாங்க. ஆர்டர் போட்டுட்டேன்” என்றார்.

“என்ன போட்டீங்க?”

“டீ-சர்ட். மூணு.”

எந்தக் கடை என்று கேட்டேன். சொன்னார். எங்கள் கம்பெனிப் பையரின் கடை. கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். நீலத்தில் வெள்ளைக் கோடு, மார்பில் சின்ன நங்கூரம். போன ஐப்பசியில் என் டேபிளில் மலை மாதிரி குவிந்து கிடந்த அதே டீ-சர்ட். அந்த நங்கூரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது.

“கீழ நாங்க கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் மூட்டையில கேட்டா நமக்குச் சும்மாவே தருவாங்களே!” என்றேன்.

“சும்மா குடுத்தா மைல் வராதே” என்றார், நான் விவரம் தெரியாதவள் என்பது போல.

“சரி, சிவாவுக்கு ஒண்ணு, ஆஷாவுக்கு ஒண்ணு. மூணு எதுக்குங்க?”

“எக்ஸ்ட்ரா. எந்த ஆர்டர்ல சேதாரத்துக்குன்னு எக்ஸ்ட்ரா வெட்டாம உட்ருக்கறோம்?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தை எங்கே போய்த் தேடுவது? அதோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அந்த மாதமே மைலும் நிறைந்துவிட்டது. போய்வர ஒரு டிக்கெட், என் பெயருக்கு. நல்ல நாள் பார்த்துப் போட்டுவிடலாம் என்றார்.

நல்ல நாள் வந்தது. அவர் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தேன், அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். என் தொழிலே இதுதானே. எங்கேயோ தையல் விட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

“என்னன்னு சொல்லீருங்க” என்றேன்.

“சிவா போன் பண்ணினான். மீதி இருக்கற சந்தாவையெல்லாம் நிறுத்தச் சொன்னான். அட்ரஸ் மாறுதாம்.” தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். “வேலை போயிருச்சு அம்மிணி. அந்தப் புள்ளைக்கும் போயிருச்சு. கம்பெனியே படுத்துக்கிச்சு, கடைசிச் சம்பளமும் வரல. வேலை இல்லீன்னா அந்த ஊர்ல இருக்கக் கூடாதாம். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னான்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குத் தம்பி மேல் பரிதாபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஸ்வெட்டர் கண் முன்னால் வந்தது. டேபிளில் எல்லோரிடமும் சொன்னது வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நானும் எங்கேயாவது போகலாம் என்று இருந்தேனே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மைல் அப்படியேதான் இருக்கிறது, நீ என்ன சொல்கிறாயோ அதுதான் என்றார்.

நானே சிவாவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, மாமா சொல்லீட்டாரா?” என்றான். குரலைப் பழையபடி வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. “நீ அதெல்லாம் யோசிக்காத. நீ சொன்ன தேதிக்கு வந்துரு. நீ வந்து சீர் முடியற வரைக்கும் எப்பிடியாச்சும் இங்கயே இருந்துக்கறோம். அப்பறம் பாத்துக்கலாம்.”

வேலை இல்லை, சம்பளம் இல்லை, இருக்கவும் கூடாது. அக்கா வந்து சேலை முனையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்த ஊரில் ஒளிந்து கிடக்கப் போகிறானாம். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“கிறுக்கா” என்றேன். “நான் அங்க வந்து என்ன பண்றது? நீ வா சாமி. அவளையும் கூட்டீட்டு ஊட்டுக்கு வா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஆஷாவின் குரல், “யக்கா...” என்று ஆரம்பித்து அதற்கு மேல் வரவில்லை.

போனை வைத்துவிட்டு இவரிடம் கேட்டேன். “ஏனுங்க, நான் போய்ட்டு வர்றதுக்கு இருக்கற மைல்ல, அவங்க ரெண்டு பேரு வர மட்டும் முடியுங்களா? போறதுக்கு வேண்டாம். வர மட்டும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கும் அது முதலிலேயே தோன்றியிருக்கிறது. நான் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நிமிஷம் இந்த மனுசனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கதவு திறந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை மெயில் இல்லை. விமானக் கம்பெனிக்கே போன் போட்டார். பதற்றத்தில் அவருக்குத் தொழில் பாஷைதான் வந்தது. “சேம் குவாண்டிட்டி சார். டெஸ்டினேஷன் மட்டும் மாத்தறோம். ரெண்டு பீஸ், ஒன் சைட்” என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இருந்தவருக்கு என்ன புரிந்ததோ, கடைசியில் இரண்டு டிக்கெட் வந்துவிட்டது, சென்னை வரைக்கும். அங்கிருந்து ரயில்.

திருப்பூர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நாங்கள் இருவரும் நின்றோம். வண்டி நின்று, கூட்டம் இறங்கி, அதற்கு நடுவில் இரண்டு நங்கூரம் தெரிந்தது. இரண்டு பேரும் அதே நீல டீ-சர்ட்டில் வந்திருந்தார்கள். பூனையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்ததில் ஆஷாவுக்குக் கண் வீங்கியிருந்தது. சிவா இளைத்துப் போயிருந்தான். நான் அவன் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டு அவன் டீ-சர்ட்டின் அடி மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு வாட்டி கடல் தாண்டியும் தையல் பிரியல பாத்தியா” என்றார்.

“மாமா, மொதல்ல எப்பிடி இருக்கறேன்னு கேளுங்க” என்றான் சிவா. ஆஷா சிரித்துவிட்டாள். நான்தான் பிளாட்பாரத்தில் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்க, ஓவென்று அழுதேன்.

சேவூரில் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டோம். பாளையங்கோட்டையிலிருந்து ஆஷா வீட்டார் வந்திருந்தார்கள்; அடுத்த வாரம் அவர்கள் ஊர்ச் சர்ச்சில் ஆராதனை என்று பேச்சு. முகம் சுளித்த நாலு பேரில் மூன்று பேர் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் கூப்பிட்டதும் நான் போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றேன். கூறைச்சேலையின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தார். மறுமுனை என் கையில். இந்த முனையைப் பிடிக்கத்தான் காப்பித்தூளும் மாத்திரையும் பூனைத் தீனியும் என்று நினைத்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பந்தல் ஓரத்தில் இவர் கேமராவை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்ததில் ஒரு போட்டோவும் நேராக விழவில்லை.

சீர் முடிந்தால் தம்பி அக்காவுக்குப் புதுத்துணி வைத்துக் கொடுக்க வேண்டும். பட்டுச்சேலை வைப்பது வழக்கம். வேலை இல்லாதவனிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. வெறும் வெற்றிலை பாக்கு போதும் என்று முன்னாடியே சொல்லியிருந்தேன். அவன் தட்டை நீட்டினான். வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் பாலிதீன் கவர்கூடப் பிரிக்காத நீல டீ-சர்ட். எக்ஸ்ட்ரா பீஸ்.

“இப்பத்திக்கு இதுதான் அக்கா இருக்குது” என்றான் மெதுவாக. “நீ வர்றப்ப அங்க குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன்.”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தும் விழவில்லை. என் டேபிளில் ஒரு நாள் விரிந்து கிடந்த துணி. என்னால் போக முடியாத ஊருக்குப் போய், என் தம்பி வீட்டு அலமாரியில் எனக்காகக் காத்திருந்து, அவனோடு திரும்பி வந்திருக்கிறது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

“அம்மிணி, பிரிச்சுப் பாரு, கழுத்துப் பட்டி சரியா இருக்குதான்னு” என்றார் இவர், பந்தல் ஓரத்திலிருந்து.

நான் பிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பீஸை விரித்துப் பார்க்காமல் பாஸ் செய்தேன்.